வேறு பெயர் உண்டா?

மார்த்தா என் குசினி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தாளில் இருந்த ஒவ்வொரு ஆங்கிலக் கேள்விக்கும் முன்னால் பென்சிலால் ஒரு கேள்விக்குறியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி முடிகிற இடத்தில் நேராக ஒன்று, தொடங்குகிற இடத்தில் தலைகீழாக ஒன்று. அவளுடைய ஸ்பானிய மொழியில் அப்படித்தான் வழக்கம். அவள் போடப் போட நான் பின்னால் அழிரப்பரால் அழித்துக்கொண்டு வந்தேன்.

"ஏன் அழிக்கிறாய்?"

"ஆங்கிலத்தில இது இல்லை."

"கேள்வி வருது எண்டு முன்னுக்கே தெரிஞ்சால் நல்லதுதானே? ஆள் தயாராகலாம்."

நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். அவளுடையது அரைகுறை ஆங்கிலம், என்னுடையது யாழ்ப்பாண ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வெளியே மழை. நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் ரானுயிப் பகுதியில் அப்போது எங்களுக்கு ஒரு வாடகைப் பலகை வீடு. குளிர்காலத்தில் குசினி ஜன்னல் முழுக்க ஆவி படிந்து, விரலால் தொட்டால் தண்ணீர் வழியும். மார்த்தாவின் கம்பளிச் சட்டை நனைந்து செம்மறியாட்டு மணம் அடித்தது. என் கையில் வெங்காய மணம். தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரியான ஆண்டு நினைவில்லை. அதற்காக யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

மார்த்தா எல் சல்வடோர் நாட்டுக்காரி. மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. எங்கள் நாட்டைப் போலவே தன் பிள்ளைகளைத் தானே தின்ற நாடு. அவளுடைய புருஷனைப் படைக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். திருப்பிக் கொண்டுவரவில்லை. அவள் அகதியாக ஆக்லாந்துக்கு வந்து, கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தாள். ஒரே மகள் அனா, எல் சல்வடோரிலேயே மார்த்தாவின் தங்கையோடு இருந்தாள்.

அந்த மகளை இங்கே கூப்பிடுவதற்கான விண்ணப்பப் பத்திரம்தான் மேசையில் கிடந்தது. அனாவின் அடுத்த பிறந்தநாள் வந்துவிட்டால் அவள் பிள்ளைக் கணக்கில் வரமாட்டாள். வளர்ந்த ஆள், தன் பாட்டில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்படி விண்ணப்பித்து வந்த எவரையும் நாங்கள் இருவரும் கண்டதில்லை. ஆகவே இந்த ஒருமுறைதான்.

நான் மார்த்தாவின் ஆங்கில ஆசிரியை. அன்றைக்கு நான் அவளுக்கு இரண்டு பதில்கள் சொல்லிக் கொடுத்தேன். இரண்டும் பிழை.

கடிதம் எழுதியவருக்கு

இந்தத் தொடரின் போன கிழமை அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "அம்மா, உங்களுக்கு ஏன் வாராவாரம் கோபம் வருகிறது? வெளிநாட்டு வாழ்க்கையில் நல்லதே நடக்கவில்லையா?"

நடந்தது ஐயா. நல்ல தண்ணீர், நல்ல பால், செல் குண்டு விழாத வானம். அதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் ஞாபகம் இருக்கிறது. இந்தக் கிழமை கோபத்தில் பாதி என் மேல். அது உங்களுக்கு ஆறுதலாக இருந்தால் சரி.

தாளில் இருந்தால் கேட்கலாம்

யாழ்ப்பாணத்தில் நான் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். கந்தையா டீச்சர் என்றால் பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். கந்தையா என் தகப்பன் பெயர். ஆக்லாந்தில் அந்தப் பதினொரு வருடத்தையும் ஒருவன் இரண்டு நிமிடத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இங்கே செல்லாது, திரும்பப் பயிற்சி எடு என்றான். நான் நியூ லின்னில் கடைத்தொகுதியைத் துடைக்கப் போனேன்.

படிப்பிக்கிற கை சும்மா இருக்காது. புதிதாக வந்தவர்களுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிற ஒரு சங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அதை நடத்திய வெள்ளைக்காரப் பெண் மிகவும் நல்லவள். நல்லவர்கள்தான் என்னை அதிகம் நோகடித்திருக்கிறார்கள்.

"உங்கட உச்சரிப்பு வடிவாயிருக்கு," என்றாள். "ஆனால் வகுப்புக்கு வேண்டாம். ஒரு ஆளுக்கு, வீட்டில வைச்சுச் சொல்லிக் குடுங்கோ. அது காணும்."

பிறகு விதிகள் சொன்னாள். வயதைக் கேட்கக்கூடாது. கலியாணம் ஆனதா என்று கேட்கக்கூடாது. பிள்ளைகள் எத்தனை, ஏன் இல்லை, என்ன சமயம், எதுவும் கேட்கக்கூடாது. அவை தனிப்பட்ட விஷயங்கள். சொல்லி முடித்துவிட்டு ஒரு கட்டுப் பாடத்தாள் தந்தாள். முதல் தாள்: உன் பெயர் என்ன? உனக்கு வயது என்ன? நீ கலியாணம் ஆனவளா? உனக்கு எத்தனை பிள்ளைகள்?

தாளில் இருந்தால் கேட்கலாம், வாயில் இருந்தால் கேட்கக்கூடாது. அரசாங்க அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன் கேட்கலாம், பக்கத்து வீட்டுக்காரி கேட்கக்கூடாது. இந்த நாட்டின் மரியாதை எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

மார்த்தாவை முதன்முதலாகச் சந்தித்தபோது எங்கள் ஊர் வழக்கப்படிதான் செய்தேன். எந்த ஊர், தகப்பன் என்ன தொழில், புருஷன் எங்கே, பிள்ளைகள் எத்தனை, ஏன் ஒன்றோடு நிறுத்தினாய். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அதே கேள்விகளை என்னிடம் கேட்டாள். கடைசியாகத் தன் பங்குக்கு ஒன்று:

"உன் புருஷன் குடிப்பானா?"

"கலியாண வீடுகளில மட்டும்."

"என்ரவன் செத்த வீடுகளில," என்றாள். "எங்கட ஊரில செத்த வீடு கூட."

இரண்டு பேரும் சிரித்தோம். ஐந்து நிமிடத்தில் சிநேகிதம். அந்த நல்ல பெண்ணின் விதிப்படி நடந்திருந்தால் ஐந்து வருடம் எடுத்திருக்கும்.

வயதில்தான் அவளோடு சண்டை. ஸ்பானிய மொழியில் வயது என்பது ஆளிடம் இருக்கிற சாமான். தனக்கு முப்பத்தெட்டு வருடங்கள் இருக்கின்றன என்றுதான் சொல்வாள். ஆங்கிலத்தில் நீதான் அந்த முப்பத்தெட்டு என்று நான் திருத்தினால், "நான் எப்படி முப்பத்தெட்டு ஆகிறது? நான் மார்த்தா," என்பாள். உண்மையில் எங்களுக்கும் அப்படித்தான், எனக்கு இத்தனை வயது என்றுதான் சொல்கிறோம். ஆனால் அதை அவளிடம் ஒத்துக்கொள்ள மாட்டேன். டீச்சர் அல்லவா.

செத்த மாமனார்

இனி என் முதல் பிழைக்கு வருகிறேன். அதற்கு எங்கள் குடும்பப் பெயர்க் கூத்தைச் சொல்ல வேண்டும்.

என் கணவர் பெயர் சிவராசா. அவருடைய தகப்பன் வைத்திலிங்கம். எங்கள் வழக்கப்படி அவருடைய பத்திரத்தில் வைத்திலிங்கம் சிவராசா. என்னுடையதில் சிவராசா புவனேஸ்வரி. பிள்ளைகளும் சிவராசா. தகப்பனுடைய பெயர் பிள்ளைக்கு, புருஷனுடைய பெயர் பெண்சாதிக்கு. இதில் ஒரு குழப்பமும் இல்லை, எங்களுக்கு.

ஆக்லாந்தில் வந்து இறங்கியதும் இவர்கள் கணக்குப் பார்த்தார்கள். குடும்பப் பெயர் சிவராசா: ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். குடும்பப் பெயர் வைத்திலிங்கம்: ஓர் ஆண். ஒரு அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "மிஸ்ஸிஸ் சிவராசா, உங்கட புருஷன் மிஸ்டர் சிவராசா எங்கே? இந்த வைத்திலிங்கம் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டான்.

"வைத்திலிங்கம் என்ர மாமனார். அவர் செத்துக் கனகாலம்."

அவன் கண்ணாடிக்கு வெளியே உயிரோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. நான் ஏதோ பக்கத்து வீட்டுக்காரனோடு ஓடிவந்தவள் போல.

நாங்கள் உண்மையான குடும்பம்தான் என்று நிரூபிக்க ஏழு மாதம் போனது. கலியாணப் படங்களைக் கொண்டுவா என்றார்கள். எந்தப் படம்? வீடே இல்லை, படம் எங்கே? கடைசியில் எல்லோரும் சிவராசா என்று பத்திரம் முடித்தோம். என் கணவர் தன் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார். தபால்காரன் அவரையும் மகனையும் ஒரே பெயரில் கூப்பிடுவான்.

அந்த ஏழு மாதத்தில் நான் படித்த பாடம் ஒன்றுதான். தாய்க்கும் பிள்ளைக்கும் பெயர் பொருந்தாவிட்டால் இவர்கள் நம்பமாட்டார்கள்.

இந்தப் பாடத்தைத்தான் மார்த்தாவின் தலையில் கட்டினேன்.

அவளுடைய முழுப் பெயர் மார்த்தா ரிவாஸ் லெமூஸ். ரிவாஸ் தகப்பன் வழிப் பெயர், லெமூஸ் தாய் வழிப் பெயர். புருஷன் காம்போஸ். மகள் அனா காம்போஸ் ரிவாஸ். அங்கே பிள்ளைக்குத் தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. பெண்கள் கலியாணம் செய்தாலும் தங்கள் பெயரை விடுவதில்லை. சிலர் புருஷன் பெயரைக் கடைசியில் ஒட்டிக்கொள்வார்களாம், இவள் ஒட்டியதில்லை. நியூசிலாந்து அலுவலகத்திலும் ரிவாஸ் லெமூஸ் என்றுதான் அவளைப் பதிந்திருந்தார்கள்.

"உது சரிவராது," என்றேன். "மகள் காம்போஸ், நீ ரிவாஸ் லெமூஸ். ஆரின்ர பிள்ளை எண்டு கேப்பாங்கள்."

"என்ர பிள்ளைதான். அவள் பேரிலயும் ரிவாஸ் இருக்கு, பார்."

"இவங்களுக்கு உதெல்லாம் விளங்காது. நீ காம்போஸ் எண்டு எழுது. கேட்டாலும் காம்போஸ் எண்டு சொல்லு. நான் பட்டனான், எனக்குத் தெரியும்."

"நான் ஒருநாளும் காம்போஸா இருக்கேல்லை, புவனா."

"கலியாணம் கட்டினனிதானே? பிறகென்ன?"

அவள் பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுதினாள். மார்த்தா காம்போஸ். நான் சொன்னேன் என்பதற்காக எழுதினாள்.

சாவடியில் கேட்டால்

பத்திரத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. நீ எப்போதாவது வேறு பெயரால் அழைக்கப்பட்டதுண்டா?

யாழ்ப்பாணத்தில் எண்பதுகளில் வாழ்ந்த ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் இல்லை என்பார். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஆமிக்காரன் கேட்பான்: வேறு பெயர் இருக்கா? வேறு பெயர் என்றால் இயக்கப் பெயர், போராளிகள் தங்களுக்கு வைத்துக்கொள்கிற பெயர். வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயரைச் சொல்லிவிட்டு அடி வாங்கியவனை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் ஒருவர், வீட்டில் தன்னை ராசன் என்று கூப்பிடுவார்கள் என்று சும்மா சொன்னார். அவர்கள் தேடிய ராசன் வேறு யாரோ. மாஸ்டர் ஒன்பது மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். பிறகு அவர் கணக்குப் படிப்பிக்கவில்லை.

ஆகவே வேறு பெயர் உண்டா என்று எவன் கேட்டாலும் எங்களிடம் ஒரே பதில்தான். எங்களுடைய சொந்தப் பத்திரத்திலும் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். கந்தையா என்ற பெயரோடு முப்பது வயது வரைக்கும் வாழ்ந்தவள், வேறு பெயர் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

"இதுக்கு இல்லை எண்டு சொல்லு," என்று மார்த்தாவிடம் சொன்னேன். "எத்தனை தரம் கேட்டாலும் இல்லை."

இதற்கு மட்டும் அவள் என்னோடு வாதாடவில்லை. "தெரியும்," என்றாள். "எங்கட ஊரிலயும் உப்பிடித்தான். காட்டுக்குள்ள இருக்கிற பொடியளுக்குத்தான் ரெண்டு பேர்."

உலகத்தின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பயம். அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எவ்வளவு முட்டாள்தனம்.

குடிவரவு அலுவலகத்தில் நடக்கப்போகிற நேர்முகத்துக்கு முன்னால் மூன்று கிழமை பயிற்சி. என் கணவர் சாரத்துக்கு மேல் கோட் போட்டு, டை கட்டிக்கொண்டு, அதிகாரியாக வந்து உட்காருவார்.

"உன் குடும்பப் பெயர் என்ன?"

"காம்போஸ்."

"வேறு பெயர் உண்டா?"

"இல்லை."

"உன்ர டீச்சர் வீட்டில புருஷனுக்கு அடிக்கிறவவா?"

"ஓம்," என்பாள் மார்த்தா, தமிழில். அந்த ஒரு சொல்லை எப்படியோ பிடித்து வைத்திருந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அலுவலகத்திலிருந்து கடிதத்தில் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று குறியிடச் சொன்னதும் நான்தான். என் மாணவி தானாக ஆங்கிலத்தில் பதில் சொல்வாள் என்று காட்ட வேண்டும். யாருக்கு? வகுப்புக்கு வேண்டாம் என்று சொன்ன அந்த நல்ல பெண்ணுக்கு. என் பதினொரு வருடத்தை இரண்டு நிமிடத்தில் புரட்டியவனுக்கு. மார்த்தாவின் மகளை வைத்து நான் என் வழக்கை நடத்தினேன். இதை எழுதும்போதும் கன்னம் சுடுகிறது.

அந்த அறை

நகரத்தில் இருந்தது அலுவலகம். ஜன்னல் இல்லாத சின்ன அறை, புதுக் கார்ப்பெட் மணம். அதிகாரி இளம் ஆள், காதோரம் சவரக் காயம். நான் கூட இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது என்றான்.

"உங்கள் குடும்பப் பெயர்?"

"காம்போஸ்." தெளிவாகச் சொன்னாள். நான் பெருமையாக நிமிர்ந்து இருந்தேன்.

அவன் இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று பத்திரம். மற்றது அனாவின் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு.

"இதில் தாயின் பெயர் மார்த்தா ரிவாஸ் லெமூஸ் என்று இருக்கிறது. அது யார்?"

"நான்."

"அப்படியானால் உங்களுக்கு வேறு பெயர் உண்டு."

"இல்லை."

"நீங்கள் வேறு பெயரால் அழைக்கப்பட்டதில்லையா?"

"இல்லை."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு மூன்றாம் தரம் கேட்டான். மார்த்தா திரும்பி என்னைப் பார்த்தாள். எத்தனை தரம் கேட்டாலும் என்று சொல்லிக் கொடுத்தவள் நான் அல்லவா. அவள் நெற்றியில் வேர்த்திருந்தது.

"இல்லை," என்றாள்.

அவன் எழுதினான். அவன் எழுதுகிற சத்தம் கேட்டது.

"அது என்ர பிழை," என்றேன். "நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான். அவளின்ர உண்மையான பேர் ரிவாஸ் லெமூஸ். உங்கட பழைய பைலை எடுத்துப் பாருங்கோ, அதில கிடக்கு."

உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினான், பஸ்ஸை மறிக்கிறவன் போல. "மேடம், உங்களுக்குப் பேச அனுமதியில்லை."

"அப்ப ஆரிட்டக் கேப்பீங்கள்? அவளுக்கு விளங்கேல்லை எண்டு தெரியுதுதானே!"

"மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அவர் எழுதியிருக்கிறார்."

அவன் பைலை மூடினான். பொய்யான தகவல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை மனப்பாடமாகச் சொன்னான். விளக்கம் இருந்தால் இரண்டு கிழமைக்குள் எழுத்தில் தரலாம், சத்தியக் கடதாசியாக, நீதவான் முன்னால் கையெழுத்து வைத்து. இல்லாவிட்டால் மறுப்பு.

தலைமுறை தலைமுறையாக ஒரே ஒரு குடும்பப் பெயரோடு ஒரே தீவில் வாழ்ந்தவன், உலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறான். அவன் மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் அவன் மேசையில் இருந்த பொய்யை எழுதுவித்தது அவன் அல்ல.

பஸ்ஸில்

திரும்பி வரும்போது மார்த்தா எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. முன் ஆசனத்தில் போய் இருந்தாள். அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே நான் மன்னிப்புக் கேட்டேன். நான் பட்ட கஷ்டத்தை நீ படக்கூடாது என்றுதான், என் குடும்பத்தில் இப்படி நடந்ததால்தான் என்று விளக்கினேன்.

ஹென்டர்சனுக்குக் கிட்ட வந்ததும் திரும்பினாள்.

"அது உன் குடும்பம்," என்றாள். "நான் சொன்னேன், நான் ஒருநாளும் காம்போஸ் இல்லை எண்டு. நீ கேக்கேல்லை. நீ கேள்வி மட்டும் கேப்பாய். பதில் எல்லாம் உன்னட்ட முதலே இருக்கு."

அவள் அதுவரைக்கும் பேசிய ஆங்கிலத்தில் அவ்வளவு நீளமானது அதுதான். ஒரு பிழை இல்லை. என் மாணவியைப் பாராட்ட வேண்டும் போல இருந்தது. அந்த நேரத்தில் வந்த அந்த எண்ணத்துக்காக என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

தன் தரிப்பில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கட பைல்

சத்தியக் கடதாசி எழுதுவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நான் எழுத வேண்டியது என்ன? புவனேஸ்வரி சிவராசா ஆகிய நான், மார்த்தாவுக்கு இந்த இரண்டு பதில்களையும் சொல்லிக் கொடுத்தேன். ஏன் சொல்லிக் கொடுத்தேன்? என் அனுபவம் இப்படி, நானும் இப்படித்தான் எழுதினேன். காரணத்தை எழுதாமல் விட்டால் அவன் நம்பமாட்டான். எழுதினால் என் சொந்தப் பொய்யும் அதே தாளில் வந்துவிடும்.

அந்த நேரம் எங்களுடைய குடியுரிமை விண்ணப்பம் வேறு உள்ளே கிடந்தது.

"இஞ்சாரும், உமக்கு விசரே?" என்றார் என் கணவர். "இதைக் குடுத்தால் எங்கட பைலையும் திறப்பாங்கள். நீர் கந்தையா, நான் வைத்திலிங்கம். எல்லாம் திரும்பத் தொடங்கும்."

"அப்ப அந்தப் பிள்ளை?"

"உமக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கு."

"இருக்கு. ரெண்டும் என்னோட இருக்கு."

அவர் எழுந்து போய், மழைக்குள் குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்தார். அடுத்த நாள் குப்பை எடுக்கிற நாள்கூட இல்லை.

நியூ லின்னில் கோமதி என்று ஒரு தமிழ்நாட்டுப் பெண், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவள், என்னோடு பழக்கம். தட்டச்சுச் செய்ய அவளிடம் போனேன். பாதி அடித்துவிட்டு நிறுத்தினாள்.

"அக்கா, இத அப்படியே அடிக்கவா? இது உங்களுக்கு நீங்களே வெச்சுக்கிற ஆப்பு."

"அடியும்."

"அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் சரியா புரியலன்னு மட்டும் எழுதுவோமே? தப்பு அவங்க மேலன்னு இல்லாம, பொதுவா."

"அவளுக்கு நல்லா விளங்கினது. நான் சொன்னதைத்தான் அவள் சொன்னவள். விளங்காமல் இருந்தது எனக்கு."

"ஆமா, ஆனா..."

"கோமதி, அடியும்."

அடித்தாள். சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையெழுத்து வைத்தேன். கந்தையா, சிவராசா, என் எல்லாப் பெயரும் அதில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பெண் அதை வாங்கி முத்திரை குத்தி, என்னைப் பாராமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இரண்டு நாளில் சங்கத்துப் பெண் தொலைபேசியில் வந்தாள். அலுவலகத்திலிருந்து அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தொண்டர்கள் பத்திரம் நிரப்பிக் கொடுக்கக்கூடாது என்பது விதியாம். "உங்கட மனசு நல்லது எண்டு எனக்குத் தெரியும்," என்றாள். என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். பாடத்தாள்களைத் திருப்பித் தரச் சொன்னாள். போட்டோ பிரதிகள்! அதைக்கூட விடவில்லை. நான் ஒரு பையில் போட்டு அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன், கதவைத் தட்டாமல்.

பிறகு காத்திருப்பு. தபால்பெட்டி மூடி அடிக்கிற சத்தம் கேட்டால் என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்புவார். எனக்கும் அவருக்கும் பேச்சு ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போகவில்லை. அரிசி முடிந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல். இப்படி.

எங்கள் பைலை ஒருவரும் திறக்கவில்லை. வசந்தம் வந்து, முற்றத்துப் புல் வளர்ந்து, குடியுரிமைக் கடிதமும் வந்தது. நான் எழுதிய வாக்குமூலத்தை அவர்கள் என் பைலோடு பொருத்திப் பார்க்கவேயில்லை. அவ்வளவு பயம், அவ்வளவு சண்டை, எல்லாம் எங்களை முக்கியமானவர்களாக நாங்களே நினைத்துக்கொண்டதால். அதுவும் எனக்குக் கோபம்தான்.

மார்த்தாவிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. நானும் போகவில்லை. போகிற முகம் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டிக் கேட்டது. மார்த்தா. தொழிற்சாலை உடுப்பு, தலையில் வலைத்தொப்பி போட்ட தடம். உள்ளே வா என்றேன். வரவில்லை. மிதியடியிலேயே நின்றாள்.

"அனா வாறாள்," என்றாள். "வியாழக்கிழமை."

அவளுடைய பிறந்தநாளுக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். பதினொரு நாள் என்றாள்.

"என்னைத் திரும்பக் கூப்பிட்டு, நீ எழுதிக் குடுத்த பேப்பரை வாசிச்சுக் காட்டினவங்கள். இந்தமுறை மொழிபெயர்ப்பாளரோட. அந்தப் பேப்பருக்கு நன்றி. மற்றதுக்கு நான் இன்னும் கோபம்."

"இரு," என்றேன். "கோபமாயே இரு. அது சரி."

உள்ளே அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிற சத்தம். நான் போகவில்லை. அவளும் போகவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. எந்தத் தாளிலும் அந்தக் கேள்வி இருந்ததில்லை.

"நானும் ஏர்போர்ட்டுக்கு வரலாமா, மார்த்தா?"

அவள் தெருவைப் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள். நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"இல்லை," என்றாள். "அது நானும் என்ர மகளும்."

"சரி," என்றேன்.

அவள் படியிறங்கிப் போனாள். நான் குசினிக்குப் போய் அடுப்பை அணைத்தேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "என்னவாம்?" என்றார்.

"பிள்ளை வாறாளாம்," என்றேன். அவர் துணியை எடுத்து, வழிந்து கிடந்த பருப்பைத் தானே துடைத்தார்.